ராசாவின் இரண்டு பிள்ளைகள்

என் மகளுடைய சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரைபடம் இருந்தது. கிரேக்க நாட்டுப் பக்கமிருந்து ஒரு சிவப்பு அம்பு புறப்பட்டு, துருக்கி, எகிப்து, பாரசீகம் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு இந்தியாவின் வடமேற்கு மூலைக்கு வந்து, ஒரு நதியைக் கடந்து கொஞ்சத் தூரத்தில் திரும்பியது. உலகத்தை வெல்லப் புறப்பட்ட அந்த இளம் கிரேக்க அரசனுக்குப் பாடத்தில் ஆறு பக்கம். ஜீலம் நதிக்கரையில் யானைகளோடு அவனை மறித்து நின்ற இந்திய அரசனுக்கு ஒரு வரி. அந்த வரியும் அவன் தோற்றான் என்பதுதான்.

அந்தக் கோபத்தில்தான் நான் அந்த நாடகத்தை எழுதினேன்.

ஜெர்மனியின் ஹனோவர் நகரில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அப்போது நான் எட்டாவது வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வார நாட்களில் ஒரு சிறுவர் காப்பகத்தின் சமையலறையில் வேலை. சனிக்கிழமை என்றால் ரீச்சர். ஆண்டுவிழா நாடகம் எப்போதும் என் தலையில்தான் விழும். மற்ற வருடங்களில் நரி, காகம், பேராசைக்காரன் என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடுவேன். இந்த முறை நூலகத்துக்குப் போய் ஜெர்மன் புத்தகங்களை எடுத்து வந்து, அகராதியோடு உட்கார்ந்து, அந்த நதிக்கரைப் போரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அந்த அரசனுடைய பெயர்கூடக் கிரேக்கர்களின் வாயில் திரிந்துதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவனுடைய தாய் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் நாடகத்தில் வெறும் 'ராசா' என்றே எழுதினேன்.

மழை. சேறு. சேற்றில் புதைந்த தேர்கள். காயப்பட்டு வெறி பிடித்துத் தன் படையையே மிதித்த யானைகள். தோளில் காயத்தோடு கடைசிவரை களத்தை விட்டுப் போகாத அரசன். பிடிபட்டு நின்றவனிடம், "உன்னை எப்படி நடத்த வேண்டும்?" என்று கிரேக்க அரசன் கேட்கிறான். "ஓர் அரசனை நடத்துவதுபோல்" என்கிறான் இவன். இந்தப் பதில் எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. ஒரு புத்தகத்தில் மட்டும், அந்தப் போரில் ராசாவின் இரண்டு பிள்ளைகளும் இறந்துபோனார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. அதை வைத்து ஒரு காட்சி எழுதினேன். தூதன் ஓடி வந்து சொல்வான்: "ராசாவே! இளவரசர்கள் இருவரும் களத்தில் மடிந்தார்கள்!" அதற்கு ராசா யானை மேலிருந்து சொல்வான்: "என் பிள்ளைகள் வீரமரணம் எய்தினார்கள். அழுவதற்கு நேரமில்லை. யானையை முன்னே செலுத்துங்கள்!"

இதை எழுதி முடித்த அன்று சமையலறையில் தனியாக நின்று உரத்து வாசித்துப் பார்த்தேன். எனக்கே மயிர்க் கூச்செறிந்தது. நாடகம் முழுவதிலும் எனக்குப் பிடித்த வசனம் அதுதான்.

அந்த ராசா மிக உயரமானவனாம். யானை மேல் ஏறி இருந்தால், சாதாரண ஆள் குதிரை மேல் இருப்பதுபோலத்தான் தெரிவானாம். எங்கள் பள்ளியில் அப்படி ஓர் உயரம் ஒருவருக்குத்தான் இருந்தது. பிள்ளைகள் அவரை 'நெட்டை மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் 'அண்ணை' என்போம். ஊருக்கு வெளியே ஒரு பெரிய களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். ஐம்பது தாண்டியிருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களுக்கு முன்னாலேயே வந்து கதிரைகளை விரித்து, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்து, வகுப்பு முடியும்வரை நடைபாதையில் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அங்கே படிக்கிற பிள்ளை இல்லை. ஏன் வருகிறார் என்று நான் கேட்டதில்லை. உதவிக்கு ஆள் கிடைத்தால் யார் காரணம் கேட்கிறார்கள்?

"அண்ணை, நீங்கள்தான் ராசா" என்றேன்.

சிரித்தார். "எனக்கு நடிக்கத் தெரியாது ரீச்சர்."

"யானையில இருந்தால் காணும். வசனம் கொஞ்சம்தான்."

"பிள்ளையளும் நடிக்கினமோ?"

"ஓம், கனபேர்."

"அப்ப சரி. வாறன்."

ஒத்திகை ஐப்பசி மழையில் தொடங்கியது. குளிர்பெட்டி வந்த அட்டைப் பெட்டிகளை ஒட்டி, சாம்பல் நிறப் படுக்கை விரிப்பைப் போர்த்தி யானை செய்தோம். உள்ளே நான்கு தகப்பன்மார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் முழங்கால் நோகிறது என்பார். கிரேக்க அரசனாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. தலைக்கவசத்தில், கூட்டுகிற தும்புத்தடியின் சிவப்பு நாரை ஒட்டியிருந்தாள். தூதனாக எங்கள் பழைய மாணவன் ஒருவன், மின்சார வேலைக்கு ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி படித்துக்கொண்டிருந்த பெடியன். நீல நிறச் சேலை நதி. அண்ணை முதல் மூன்று கிழமையும் ஒரு பிழையில்லாமல் செய்தார். அவர் குரல் கனமானது. அந்தக் குரல் அவரிடம் இருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

நான்காவது கிழமை, தூதன் வருகிற காட்சி. பெடியன் ஓடி வந்து முழங்காலில் விழுந்து தன் வசனத்தைச் சொன்னான். ராசா பேசவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, நான் பக்கத்தில் நின்று மெல்ல எடுத்துக் கொடுத்தேன். "என் பிள்ளைகள் வீரமரணம்..."

அவர் யானையிலிருந்து என்னைக் குனிந்து பார்த்தார்.

"ரீச்சர், செய்தி கொண்டு வாறவன் கண்ணால கண்டவனோ?"

"என்னண்ணை?"

"பிள்ளையள் செத்ததை இவன் கண்டவனோ? இல்லாட்டி ஆரும் சொல்லக் கேட்டு வந்து சொல்லுறானோ?"

யானைக்குள்ளிருந்து ஒரு தகப்பன் சிரித்தார். நானும் சிரித்தேன். "அண்ணை, இது நாடகம். அவன் சொன்னால் சொன்னதுதான்."

"புத்தகத்தில என்ன கிடக்கு? உடம்பு எடுத்தவையோ?"

எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு அந்தக் காட்சியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனோம்.

வீட்டுக்குப் போய் எல்லாப் புத்தகத்தையும் திரும்பப் பிரித்தேன். எத்தனை யானை, எத்தனை தேர், எந்தப் பக்கம் குதிரைப்படை நின்றது, எல்லாம் இருந்தது. வென்ற அரசனுடைய குதிரை எப்படி இறந்தது, அதன் ஞாபகமாக எங்கே ஊர் கட்டினான் என்பது இருந்தது. தோற்ற அரசனின் பிள்ளைகளின் உடல்கள் எங்கே போயின என்று எதிலும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகை முடிந்து, டிராம் தரிப்பிடத்தில் அவரும் நானும் நின்றோம். மழை கண்ணாடிக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. புத்தகங்களில் ஒன்றும் இல்லை என்றேன். தலையாட்டினார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

மகனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவர் இங்கே வந்தாராம். ஒரு வருடத்தில் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தவர். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, திரும்பப் போட்டு, அதுவும் இழுபட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற துண்டுக் கடதாசியில் ஒன்பது வருடம். அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு குடும்பத்தைக் கூப்பிட ஏலாது. கடைசியில் ஒழுங்கான விசா கையில் கிடைத்தபோது வன்னியிலிருந்து வெளியே வரும் பாதை பூட்டிக் கிடந்தது. இரண்டு வருடம் போய் மகனுக்குப் பதினேழு. போரின் கடைசி மாதங்களில் இயக்கம் அவனைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. மூன்று மாதத்தில் தப்பித் தாயிடம் வந்து சேர்ந்துவிட்டான். எல்லாம் முடிந்து சனங்கள் இராணுவத்தின் பக்கம் வந்தபோது, முட்கம்பிக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம்: இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

"அவன் போக மாட்டன் எண்டவன். மனுசிதான் சொன்னது. போய்ப் பதிஞ்சுபோட்டு வா அப்பு, ஒளிச்சால்தான் கரைச்சல் எண்டு. பஸ்ஸில ஏறினதை அவ கண்டவ. சன்னலால கை காட்டினவன்."

"பிறகு?"

"அவ்வளவுதான்."

டிராம் வந்தது. நாங்கள் ஏறவில்லை.

"அங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுகினம் ரீச்சர். ஒருத்தர் காம்பில கண்டது எண்டார். ஒருத்தர் அண்டைக்கே முடிச்சுப்போட்டாங்கள் எண்டார். நீர் கண்டனீரோ எண்டு கேட்டால், இல்லை, இன்னார் சொன்னது. இன்னாரிட்டப் போய்க் கேட்டால், அவர் இன்னொருத்தரைச் சொல்லுவார். கண்ட ஆள் ஒருத்தரும் இல்லை."

மனைவியைக் கூப்பிடவில்லையா என்று கேட்டேன். கூப்பிட எல்லாப் பத்திரமும் செய்து முடித்தாராம். மனைவிதான் வரமாட்டேன் என்றுவிட்டாராம். பிள்ளை திரும்பி வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே. காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் இருக்கிற மற்றத் தாய்மாரோடு மகனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாராம், ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போவதுபோல.

"அண்ணை, அந்த வசனத்தை வெட்டி விடுறன்" என்றேன்.

அதை நான் எப்படிச் சொன்னேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லும்போதே, அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று மனம் கெஞ்சிக்கொண்டிருந்தது. இன்னும் மோசமான ஒன்றும் ஓடியது. இந்த மனிதர் அந்த வசனத்தைச் சொன்னால் மண்டபம் அழும் என்று ஓடியது. அவருடைய பிள்ளை என் நாடகத்துக்கு உதவும் என்று நினைத்தேன். மழையில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டே நினைத்தேன்.

"இல்லை ரீச்சர். எழுதினது எழுதினபடி இருக்கட்டும்" என்றார்.

நான் இரண்டாவது முறை கேட்கவில்லை.

ஆண்டுவிழா ஒரு தேவாலயத்தின் பொது மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம். சுவரில் சிலுவை, அதற்குக் கீழே எங்கள் குத்துவிளக்கு. பின்னால் சமையலறையில் ரோல்சும் வடையும் பொரிந்தன. மண்டபம் நிறைந்திருந்தது. ஊன்ட்றொப் என்ற ஊரின் கோயிலடிக் கடையில் வாங்கிய சரிகைச் சால்வையும் தங்கத்தாள் முடியுமாக அண்ணை யானை மேல் வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். உண்மையாகவே ராசாதான். நீலச் சேலை அலை அடித்தது. கிரேக்கப் படை நதியைக் கடந்தது. முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் எழும்பி நின்று ராசாவுக்காகக் கத்தினார்கள்.

தூதன் ஓடி வந்தான். "ராசாவே! இளவரசர்கள் இருவரும் களத்தில் மடிந்தார்கள்!"

ராசா அவனைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"நீ கண்டனியோ?"

அது நாடகத் தமிழ் இல்லை. எங்கள் வீட்டுத் தமிழ். பெடியன் விளங்காமல் முழித்தான்.

"உன்ர கண்ணால கண்டனியோ? எவடத்தில? ஆர் பக்கத்தில நிண்டது?"

பெடியன் பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். நான் கையைக் காட்டினேன், வசனத்தைத் திரும்பச் சொல்லு என்று. அவன் சொன்னான். "ராசாவே, இளவரசர்கள் இருவரும்..."

"உடம்பு எங்க?"

பொரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் கேக்கிறன், உடம்பு எங்க? என்ன உடுத்திருந்தவங்கள்? தம்பி, சும்மா சொல்லாத. கண்டனி எண்டால் கண்டன் எண்டு சொல்லு. காணாட்டிக் காணேல்லை எண்டு சொல்லு."

அந்தப் பெடியன் இங்கே பிறந்தவன். இருபத்தொரு வயது. முழங்காலில் நின்றபடியே அழத் தொடங்கினான். "காணேல்லை மாமா" என்றான்.

அண்ணை யானையிலிருந்து இறங்கினார். அட்டை நசுங்கியது. உள்ளே இருந்த தகப்பன்மார் ஒவ்வொருவராக விரிப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கிரேக்க அரசனாக நின்ற பிள்ளை, பாவம், தன் முறை வந்துவிட்டது என்று நினைத்து முன்னால் வந்து தெளிவாகக் கேட்டாள்: "உன்னை எப்படி நடத்த வேண்டும்?"

அண்ணை முடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவளைத் தாண்டிப் போய் மேடைப் படியில் உட்கார்ந்தார். நடுவரிசையில் இருந்து ஒரு அம்மா எழும்பினார். எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர். அவருடைய தம்பியும் அதே மாதிரி ஒரு பஸ்ஸில் ஏறியவர். "அதைத்தானே நாங்களும் கேக்கிறம்!" என்று கத்தினார். பிறகு அழுகைச் சத்தம் அங்கங்கே. நான் திரையை இழுத்தேன். அதுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை நிர்வாகக் கூட்டம். எங்கள் தலைவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் பெற்றோர் பலர் அவருக்குத் தொலைபேசி எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள், ஒரு பிள்ளை நித்திரையில் எழும்பி அழுகிறது, மண்டபப் பொறுப்பாளர் என்ன நடந்தது என்று விசாரித்தார். அண்ணையையும் கூப்பிட்டிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "ரீச்சர், இது நீங்கள் எழுதினதோ?"

ஒரே ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். 'ஓம், பிழை என்னில்தான். இவருடைய கதை தெரிந்தும் இவரை அந்த இடத்தில் நிறுத்தினது நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அவரைத் தவிர அது தெரிந்த ஆள் நான் மட்டும்தான்.

"இல்லை" என்றேன். "நான் எழுதினது வேற. அவர் அதை விட்டுட்டுத் தன்ர பாட்டில கதைச்சவர்."

பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

அண்ணை எழும்பினார். "ஓம். ரீச்சரில பிழை இல்லை. பிழை என்னிலதான். பிள்ளையள் பயந்ததுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அவ்வளவுதான் சொன்னார். போகும்போது நடைபாதையில் சரிந்து கிடந்த ஒரு கதிரையை மடித்துச் சுவரோடு சாத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கு வரவில்லை. கதிரை விரிக்க முறை போட்டு ஆட்களை வைத்தோம்.

ஏழெட்டு மாதம் கழித்து என் தொலைபேசி அடித்தது; அண்ணைதான். ஒரு அலுவலகத்தில் வந்து சந்திக்கச் சொல்லி டெர்மின் தந்திருக்கிறார்கள், ஜெர்மன் கதைக்க ஒரு ஆள் வேண்டும், வர ஏலுமோ என்று கேட்டார். நான் வேலையில் லீவு எடுத்துக்கொண்டு போனேன். ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். எதற்கு இப்போது என்று கேட்டேன். இந்தப் பாஸ்போட் கையில் இருந்தால் அங்கே போய் எந்த வாசலிலும் நின்று பயமில்லாமல் கேள்வி கேட்கலாம் என்று யாரோ சொன்னார்களாம்.

இளம் பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் கதைத்தாள். படிவத்தைப் புரட்டிப் பிள்ளைகள் என்ற இடத்தில் விரலை வைத்தாள். மகனின் பெயர் இருந்தது, பிறந்த திகதி இருந்தது. முகவரி வெறுமையாக இருந்தது. மகன் எங்கே வசிக்கிறார் என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். அண்ணை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தி, இறந்துவிட்டாரா என்று கேட்டாள். அந்தச் சொல்லை நான் மொழிபெயர்க்கவில்லை.

"இருக்கிறாரோ எண்டு கேக்கிறா" என்றேன்.

"தெரியாது எண்டு எழுதச் சொல்லுங்கோ."

தெரியாது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, முகவரி இடத்தில் பென்சிலால் இரண்டு சொல் எழுதினாள். 'உன்பெகான்ட் ஃபெர்ட்சோகன்.' வாடகை வீட்டை விட்டுச் சொல்லாமல் போனவர்களுக்குக் கடிதம் திரும்பி வரும்போது உறையில் எழுதுவார்களே, அந்தச் சொல்.

"என்ன எழுதினவ?" என்று கேட்டார்.

"எங்கயோ இடம் மாறிப் போட்டார், விலாசம் தெரியாது எண்டு."

அண்ணை அந்தப் பென்சில் எழுத்தைக் குனிந்து பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது. "அப்ப எங்கயோ இருக்கிறான் எண்டுதானே அர்த்தம்" என்றார்.

ஆனால் இது தற்காலிகக் குறிப்புத்தான், ஒன்றில் முகவரிக்கு ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் மரணச் சான்றிதழ் வேண்டும் என்று அவள் சொன்னாள். அதை நான் மொழிபெயர்த்தே ஆகவேண்டியிருந்தது. அங்கே அரசாங்கக் கச்சேரியில் மரணச் சான்றிதழ் தரத் தயாராகத்தான் இருக்கிறார்கள் என்றார் அண்ணை. தாய் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அவர் போடமாட்டாராம்.

"நீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் எப்பிடி ரீச்சர் போடுறது?"

திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த ராசாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். நாடகத்தில் நான் விட்டுவிட்ட பகுதி அது. சொன்னேன். கிரேக்க அரசன் அவனுடைய நாட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தான், இன்னும் கொஞ்ச நாடும் சேர்த்துக் கொடுத்தான். இவன் அவனுக்குக் கீழே இருந்து ஆண்டான்; அவனோடு சேர்ந்து அயல் நாடுகள் மேல் படை எடுத்துக்கூடப் போனான். சில வருடத்தில், கிரேக்கர் விட்டுப்போன தளபதி ஒருவன் இவனை வஞ்சகமாகக் கொன்றான்.

அண்ணை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பிள்ளையள் செத்தது என்னத்துக்கு?"

இரண்டு தரிப்பிடம் தள்ளி அவர் இறங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களை அவருக்கு நான் வாசித்துச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் அதே கேள்வி, கொஞ்சம் கடுமையாக. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள்.

அடுத்த தை மாதம் அவருடைய மனைவி இறந்துபோனார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு நாலாம் நாள் உயிர் போய்விட்டது. அண்ணைக்குத் தகவல் வந்து, டிக்கெட் எடுத்து, போய்ச் சேர இரண்டு நாள். அதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. கொள்ளி வைக்க மகன் இல்லை. சகோதரத்தின் மகன் ஒருவன் வைத்தானாம். அவர் புறப்பட்ட அன்று விமான நிலையத்துக்குப் புகையிரதம் ஏற்றிவிட நான் போயிருந்தேன். சிறிய பை ஒன்றுதான் கையில்.

"முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியத் திரும்பி வருவன் ரீச்சர். வேலையில சொல்லிப்போட்டன்."

வரவில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம். வேலையிடத்திலிருந்து வந்த கடிதத்தை நான் அவருக்குத் தொலைபேசியில் வாசித்தேன். ஓம், ஓம் என்றார். ஐந்து மாதம் கடந்ததும் நான் கலங்கிப்போய் எடுத்தேன். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் ஜெர்மன் வதிவிட அனுமதி செத்துவிடும். ஒன்பது வருடம் துண்டுக் கடதாசியோடு காத்திருந்து எடுத்த அனுமதி.

"அண்ணை, இன்னும் மூண்டு கிழமைதான் இருக்கு. வந்து முகத்தைக் காட்டிப்போட்டாவது போங்கோ."

"தெரியும் ரீச்சர்."

"பிறகு வர ஏலாது அண்ணை."

"வீட்டைப் பூட்டிப்போட்டு எப்பிடி வாறது? முந்தி அவ நிண்டவ. இப்ப ஆர் நிக்கிறது?"

பகலில் மனைவி இருந்த அதே இடத்தில், தெருவோரத் தகரக் கொட்டிலில், படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாராம். ஆண்கள் அங்கே குறைவாம். மழைக்கு ஒழுகுகிறதாம். படத்தில் மகனுக்குப் பதினாறு வயது. இப்போது கண்டாலும் அடையாளம் தெரியுமோ தெரியாது என்றார்.

அன்றைக்குத்தான் நான் அதைச் சொன்னேன். இத்தனை நாளும் மனதில் வைத்திருந்ததை. "அண்ணை, அண்டைக்குக் கூட்டத்தில நான் உங்களைக் கைவிட்டுட்டன். பிழை என்னில. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உங்களை அதில நிக்க வைச்சனான்."

மறுபக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது.

"எந்தக் கூட்டம் ரீச்சர்?"

அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். பாதியில் அவர், "இஞ்ச ஆரோ கூப்பிடுகினம், பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று கிழமை போனது. ஆறு மாதம் முடிந்த நாள் ஒரு வியாழக்கிழமை. காப்பகத்தில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து உரித்தேன், ஏதோ அவர் கடைசி விமானத்தில் ஏறிவிடுவார் என்பதுபோல. பின்னேரம் அவருடைய எண்ணுக்கு எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த கிழமையும் எடுத்தேன். இப்போது அந்த எண் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொல்கிறது. அங்கே தெரிந்தவர்கள் மூலம் விசாரித்தேன். ஒருவர், கொட்டிலில் அவரைக் கண்டதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டால், தான் காணவில்லை, தன் அக்கா கண்டதாகச் சொன்னது என்றார்.